பதினைந்து வருடமாக யாரும் குனிந்து பார்க்காத இடம்

போன வருடம் மே மாதக் கடைசியில் அப்பா பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் பேப்பர் தேடப் போன இடத்தில் ஆர்.சி. புக் கையில் சிக்கியிருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், "ஏப்பா, வண்டிக்கு ஜூன் மாசத்தோட முடியுது. எஃப்.சி. காட்டணும்லா?" என்றார்.

வண்டி 2010 ஜூனில் வாங்கியது. சின்ன பெட்ரோல் கார். அப்பா ரிட்டையர் ஆன கையோடு வாங்கினார். அவர் ஓட்டுவதை நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது, இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் பெட்ரோல் போட்டால் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பவர் அவர். எனவே தேதி அவர் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஓன் போர்டு காருக்கு நடப்பதை எங்கள் பக்கம் எல்லோரும் எஃப்.சி. என்றுதான் சொல்வார்கள். சட்டப்படி அதற்குப் பெயர் பதிவுப் புதுப்பிப்பு. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவு, சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும் என்கிறது. அதன்பின் ஐந்தைந்து வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டிக்கும்போது வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பதிவு முடிவதற்கு 60 நாள் முன்னதாகவே 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துவிடலாம். இப்போது அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பணம் கட்டி, நாள் குறித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது.

அப்பா ஒரே பிடியாக நின்றார். "ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப்புல விட்டு அடியில பாத்திரச் சொல்லு. அங்க போய் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டான்னா திரும்பத் திரும்ப அலையணும்." அலைச்சலுக்குப் பயந்து அவர் சொன்னது அது. அந்தப் பயத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

எங்கள் ஊர் கடலோரம். வீட்டு ஜன்னல் கம்பி, மொட்டை மாடி துணிக்கொடிக் கம்பி, கேட்டுக் கீல், எதுவும் நாலு வருடம் தாங்காது. உப்புக்காற்று தின்றுவிடும். காருக்கு மட்டும் அது விதிவிலக்கு என்பதுபோல் நான் இருந்திருக்கிறேன். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது, வாரம் ஒருமுறை கழுவுகிறோம், சர்வீஸ் தவறாமல் விடுகிறோம். வேறென்ன?

மெக்கானிக் அண்ணாச்சி வண்டியைக் குழிமேல் நிறுத்திவிட்டுக் கையில் ஒரு டார்ச்சோடு உள்ளே இறங்கினார். பத்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, இங்கன இறங்கி வாங்க" என்றார்.

இறங்கினேன். குழிக்குள் பழைய ஆயில் வாசம். தலைக்கு மேலே என் காரின் வயிறு. பதினைந்து வருடம் ஓட்டிய வண்டியின் அடிப்பாகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். முன்னாலிருந்து பின் சக்கரம் வரைக்கும் தரையை ஒட்டினாற்போல இரண்டு மெல்லிய குழாய்கள் ஓடின. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. பிரேக் பெடலை மிதிக்கும்போது பின் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளிக்கொண்டு போவது அவைதான். பாதி தூரத்தில் அவற்றை ஒரு கிளிப் பிடித்திருந்தது. கிளிப்புக்கு உள்ளே மண்ணும் உப்பும் சேர்ந்து கெட்டியாக அடைந்திருந்தது. மழையில் நனைந்தால் வாரக் கணக்கில் காயாத இடம்.

அண்ணாச்சி அந்த மண்ணை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். "விரலால தடவிப் பாருங்க." தடவினேன். குழாயின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கையில் வந்தது, புண் ஆறிய இடத்தில் காய்ந்த தோல் உரிவது மாதிரி. உதிர்ந்த இடத்தில் ஒரு ஈரம். விரலை முகர்ந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை, பிரேக் ஆயில்.

"இது எவ்வளவு நாள் தாங்கும் அண்ணாச்சி?"

"அத எப்படிச் சொல்ல முடியும்? நாளைக்கே போலாம், ஒரு வருசம் கழிச்சும் போலாம். ஆனா ஒண்ணு தம்பி, சும்மா ஓட்டும்போது போகாது. அவசரத்துக்கு ஓங்கி மிதிப்பீங்கள்லா, அப்பதான் போகும்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கொடைக்கானல் போய்விட்டு வந்திருந்தோம். நான், மனைவி, மகள், அப்பா, அம்மா. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் இறங்கி வந்தது இந்தக் குழாயை நம்பித்தான். இப்போதைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் ஓடுகிறது. ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும் என்று அண்ணாச்சி ஆறுதல் சொன்னார். உண்மைதான். ஆனால் பெடல் சட்டென்று கீழே இறங்கி, பாதி பிரேக்கோடு ஒரு மலை வளைவில் திரும்புவதைக் கற்பனை செய்து பார்த்தால் அந்த ஆறுதல் போதவில்லை.

அன்று இன்னும் சில விஷயங்களும் வெளியே வந்தன. ஸ்டெப்னி டயர் வண்டியோடு வந்தது, ஒருமுறைகூட மாட்டியதில்லை. பட்டன் அப்படியே புதுசாக இருந்தது. அதன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். எங்கள் ஸ்டெப்னியில் 1410 என்று இருந்தது. 2010-ன் 14-வது வாரம். வளைத்துப் பார்த்தால் ரப்பரில் கோடு கோடாக வெடிப்பு. பஞ்சரான அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டு பைபாஸில் எண்பதில் போயிருப்பேன். பட்டன் தேய்மானத்துக்கு 1.6 மில்லிமீட்டர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பலரும் பார்க்கிறோம். டயரின் வயதைப் பார்ப்பவர்கள் குறைவு.

இரண்டு பிரேக் குழாய், ஹோஸ்கள், ஆயில், ஸ்டெப்னி எல்லாம் மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் அன்றுதான் என் மண்டையில் ஏறியது. ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே வரும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டால், பெடலை மிதிக்க மிதிக்கப் பஞ்சை மிதித்த மாதிரி இருக்கும்.

பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, அங்கே இருந்தவர்கள்மேல் குறை சொல்லவும் நான் வரவில்லை. காலை ஒன்பதரைக்கு மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. லாரி, ஆட்டோ, பள்ளிக்கூட வேன், புது பைக், நடுவில் எங்களைப் போல நாலைந்து பழைய கார்கள். வேப்ப மரத்தடியில் ஒருவர் சேசிஸ் நம்பர் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டிப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். கருமைக்கு நடுவே வெள்ளையாக ஒவ்வொரு எழுத்தாகக் கிளம்பி வந்தது. மொத்தம் பதினேழு. அந்த இடத்தில் துரு பிடித்து எழுத்து அழிந்துபோனால் என்னென்ன தொல்லை வரும் என்று அவர் இரண்டு கதை சொன்னார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.

எங்கள் முறை வந்தபோது மணி பன்னிரண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர்ப்பலகையில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று இருக்கும், ஆனால் என் தாத்தா காலத்திலிருந்து அவர் ஊருக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஹார்ன் அடிக்கச் சொன்னார். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர். "முன்னால எடுத்துப் பிரேக் பிடிங்க." பிடித்தேன். நம்பர் பிளேட்டைப் பார்த்தார், கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருக்கிறதா என்று பார்த்தார். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. கையெழுத்து. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மரியாதையாகப் பேசினார், வேறெந்தப் பேச்சும் இல்லை, நியாயமாக நடந்துகொண்டார்.

வெயிலில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பழைய குழாயோடு வந்திருந்தாலும் எனக்கு இந்தக் கையெழுத்து கிடைத்திருக்கும். 2030 ஜூன் வரைக்கும் ஓட்டலாம் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கும்.

அன்றிலிருந்து இது மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஆய்வாளர் என்ன செய்வார்? மைதானத்தில் குழி கிடையாது, லிஃப்ட் கிடையாது. அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது வண்டி நிற்கிறது. வெறும் மண்தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்ல முடியுமா?

இதே மாடல் காரை, இதே நாளில், இதே ஷோரூமில் ஒருவர் டாக்ஸிக்கு என்று வாங்கியிருந்தால் கதையே வேறு. டி போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கப்புறம் வருடா வருடமும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது இப்போதைய மத்திய விதி. 15 வருடத்துக்குள் அந்த வண்டி பத்துத் தடவைக்குக் குறையாமல் ஆய்வாளர் முன்னால் நின்றிருக்கும். என் வண்டி பதிவு முடிந்த பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. போர்டின் நிறம் வேறு என்பதற்காக உப்புக்காற்று ஒன்றை விட்டுவிட்டு ஒன்றையா தின்கிறது? டாக்ஸி அதிக தூரம் ஓடும், சம்பளத்துக்கு ஓட்டுபவர் கையில் இருக்கும், அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது சரி. ஆனால் துருவுக்குக் கிலோமீட்டர் கணக்குத் தெரியாது. ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டியில்தான் அது நிதானமாக வேலை பார்க்கும்.

இதற்கிடையே சொந்த வண்டிக்கும் அவ்வப்போது நடக்கிற ஒரே சோதனை புகைச் சோதனைதான். எங்களுடையது பி.எஸ்.3 புகைத் தர வண்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்று வாங்க வேண்டும். பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஒரு வருடம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சான்று இல்லாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். சைலன்சருக்குள் குழாயை விட்டு என்ன வருகிறது என்று வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிறோம். அந்த சைலன்சருக்கு அரை அடி தள்ளி ஓடுகிற பிரேக் குழாயைப் பதினைந்து வருடம் யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பிற நாடுகளில் எப்படி என்று தேடிப் படித்தேன். பிரிட்டனில் வண்டியின் தகுதிச் சோதனையை எம்.ஓ.டி. என்கிறார்கள். 1960-ல் தொடங்கியபோது பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். சோதித்ததில் தோற்ற வண்டிகள் மிக அதிகமாக இருக்கவே மறுவருடமே அதை ஏழு வயதாகக் குறைத்தார்கள், 1967-ல் மூன்று வயதாக்கிவிட்டார்கள். அதன்பின் வருடா வருடம். சேசிஸில், பிரேக் குழாயில் எவ்வளவு துரு இருந்தால் தோல்வி என்பதற்கு ஆய்வாளருக்கு எழுத்து மூலமான விதி இருக்கிறது. வண்டியை மேலே தூக்கி அடியில் நின்று பார்க்கிறார். அந்த முடிவுகளை நம்பர் பிளேட் எண்ணை அடித்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவருக்கு எவ்வளவு பெரிய உதவி! நம் ஊரில் புரோக்கர் சொல்வதும், நமக்குத் தெரிந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துத் தலையாட்டுவதும்தான் சான்று. சிங்கப்பூரில் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பத்து வயது தாண்டினால் ஒவ்வொரு வருடமும்.

நம்மிடம் மாறியிருப்பது கட்டணம். முன்பு காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. நான் கட்டியது அதுதான், அதோடு தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள், அதாவது 2030-ல் அடுத்த முறை போகும்போது எங்கள் வண்டிக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் வரும். தாமதமானால் மாதத்துக்கு 500 கூடுதல் என்றும் விதியில் இருக்கிறது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதற்குச் செலவு ஏறினால் ஜனங்கள் தாமாகவே ஒழித்துவிடுவார்கள் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐயாயிரம் வாங்குங்கள், தருகிறேன், ஆனால் அந்தப் பணத்துக்கு வண்டியைத் தூக்கிப் பாருங்கள். பணம் கட்டமுடிந்தவனின் வண்டி ஓடும், கட்ட முடியாதவனின் வண்டி நிற்கும் என்றால், எந்த வண்டியின் பிரேக் நன்றாக இருக்கிறது என்ற கேள்விக்கு எங்கே பதில்?

டெல்லியில் வேறு வழி பிடித்தார்கள். டீசல் என்றால் 10 வருடம், பெட்ரோல் என்றால் 15 வருடம், அதற்கு மேல் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2025 ஜூலை முதல் தேதி அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருளே போடக் கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்து, எதிர்ப்பு கிளம்பிச் சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. டெல்லியின் காற்று எவ்வளவு மோசம் என்பது தெரிந்ததுதான், அங்கே இருப்பவர்களின் மூச்சுத் திணறலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வயதை மட்டும் வைத்து வண்டியை அளப்பது சரியாக வராது. எங்கள் தெருவில் எதிர்வீட்டு ஐயாவின் 1998 மாடல் காரை அண்ணாச்சி குழிமேல் ஏற்றிக் காட்டியிருக்கிறார். வருடா வருடம் அடியில் ஆன்ட்டி ரஸ்ட் பூச்சு அடித்து, குழாய்களை இரண்டு முறை மாற்றி, புதுசு போல இருந்தது. பாதி வயதுள்ள எங்கள் வண்டி அதன் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லாமல் இருந்தது.

இயந்திரச் சோதனை நிலையங்கள் வருகின்றன. 2021 ஆகஸ்டில் பழைய வாகன அழிப்புக் கொள்கையை அறிவித்தபோதே அதற்கான ஏற்பாடும் தொடங்கிவிட்டது. செப்டம்பரில் விதிகளும் வந்தன. ஒவ்வொரு சக்கரத்தையும் உருளைமேல் ஏற்றி எவ்வளவு பிடிக்கிறது, இடது வலதுக்கு வித்தியாசம் எவ்வளவு என்று அளப்பார்கள். ஹெட்லைட் எந்தக் கோணத்தில் அடிக்கிறது என்று பார்க்க ஒரு கருவி, சக்கரம் பக்கவாட்டில் இழுக்கிறதா என்று பார்க்க ஒன்று, முட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. தோற்றால் சரிசெய்து மறுபடி காட்டலாம். ஐந்து நிமிடப் பார்வைக்கு இது எவ்வளவோ மேல். சீக்கிரம் எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும்.

ஆனால் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்று கேட்டார். "உங்க பழைய பைப்போட அந்த மிஷின்ல ஏத்தியிருந்தா என்ன காட்டியிருக்கும்? பிரேக் நல்லாத்தான பிடிச்சுச்சு?" யோசித்துப் பார்த்தால் சரிதான். உடைகிற நொடி வரைக்கும் அந்தக் குழாய் முழுசாகவே பிடித்திருக்கும். உருளையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும். இன்றைக்கு எப்படிப் பிடிக்கிறது என்பதை மிஷின் சொல்லும். அடுத்த மழைக்காலம் வரை தாங்குமா என்பதைச் சொல்ல, டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக ஒரு ஆள் குழிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். எத்தனை லட்சத்துக்குக் கருவி வாங்கினாலும் அந்த ஆளையும் அந்தக் குழியையும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பதும் மாற வேண்டும். பத்து வயதிலிருந்து வருடம் ஒருமுறை, குறைந்தது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. வண்டி உள்ளவர்கள் முணுமுணுப்போம். மூன்றாம் மாதம் பழகிவிடும், ஹெல்மெட் பழகவில்லையா.

அதுவரைக்கும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். 2011-ல் கார் வாங்கியவர்களுக்கு இந்த வருடம் பதினைந்து முடிகிறது. ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள், வாங்கிய தேதி வேறு, பதிவான தேதி வேறு. காலாவதியான பதிவோடு ஓட்டாதீர்கள். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வண்டி திருடு போன வழக்கில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வங்கிக் கடன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்காமல் விட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் அதற்காக வங்கிக்கு அலைய வேண்டாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் உங்கள் மெக்கானிக்கிடம் விடுங்கள். "சர்வீஸ் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் பதினைந்து வருடம் அப்படித்தான் சொன்னோம். கிளிப்பைக் கழற்றிப் பிரேக் பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முடிந்தால் நீங்களும் குழிக்குள் இறங்குங்கள்.

எங்கள் பழைய குழாயில் ஒரு சாண் நீளத்தை வெட்டி வாங்கி வந்தேன், கிளிப் இருந்த பகுதி. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து, அன்றைய தேதி போட்டு, பெட்ரோல் கணக்குக்குக் கீழே எழுதினார்: பின் பிரேக் பைப் இரண்டும் மாற்றியது. அடுத்து பார்க்க வேண்டியது 2026 மே.